செவ்வியல் இசை கேட்கச் சின்ன ஸ்பீக்கர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதாவது அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டி, வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது வாட் எத்தனை, பேஸ் (அடி ஒலி) எப்படி என்றுதான். செவ்வியல் இசைக்கு அதெல்லாம் அப்புறம். வயலின் வயலினாகக் கேட்கிறதா, மெல்ல வாசிக்கும் இடம் தெளிவாக இருக்கிறதா, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் திடீரென்று எழும்போது ஸ்பீக்கர் திணறுகிறதா என்று பாருங்கள்.

படி 1: அறையை அளந்துகொள்ளுங்கள்

ஸ்பீக்கர் இருக்கப்போகும் இடத்துக்கும் உங்கள் நாற்காலிக்கும் எவ்வளவு தூரம்? ஒன்றரை, இரண்டு மீட்டர் என்றால் சின்னப் பெட்டி தாராளமாகப் போதும். பின்சுவருக்கு எவ்வளவு இடைவெளி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல ஸ்பீக்கர்களில் காற்றுத் துளை பின்பக்கம் இருக்கும், அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கி, செல்லோவில் சில சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். அலமாரியில்தான் வைக்க முடியும் என்றால் முன்பக்கம் துளை உள்ளதையோ துளையே இல்லாத மூடிய பெட்டியையோ தேடுங்கள்.

படி 2: விவரத்தாளைப் படியுங்கள்

'50 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பார்கள், ஸ்பீக்கர் எழுப்பும் மிகக் கனமான ஒலியிலிருந்து மிகக் கீச்சான ஒலி வரை என்று பொருள். பக்கத்தில் '±3 டெசிபல்' (அந்த எல்லைக்குள் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாது) என்று இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். செல்லோவின் அடிச் சுரம் சுமார் 65 ஹெர்ட்ஸ், டபுள் பேஸுக்கு 41, பியானோவின் இடது கடைசிக் கட்டை 27.5. 5 அங்குல வூஃபர் (பேஸ் எழுப்பும் கூம்பு) பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸோடு சரி. ஆனாலும் அந்தச் சுரங்கள் நமக்குக் கேட்கும், ஏனென்றால் மேலே வரும் துணை அதிர்வுகளை வைத்து மூளை அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் பேஸ் குறைந்தாலும் பரவாயில்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கம் வலிந்து ஊதிப் பெருக்கிய பெட்டிதான் ஆபத்து.

படி 3: இப்போது வாட் கணக்கு

சென்சிடிவிட்டி 85 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. நீங்கள் சராசரியாக 75 டெசிபலில் கேட்கிறீர்கள் என்றால் 0.1 வாட்தான் செலவாகிறது. அதே இசையில் டிம்பானியும் பித்தளைக் குழல்களும் சேர்ந்து 20 டெசிபல் மேலே ஏறினால் அந்த நொடிக்கு 10 வாட் வேண்டும். சத்தமாகக் கேட்பவருக்கு, தள்ளி உட்காருபவருக்கு இது மளமளவென்று கூடும்.

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் புதியவர்களுக்குச் சௌகரியம். ஒன்றே ஒன்று பாருங்கள்: பாட்டு எதுவும் போடாமல் ஆன் செய்து, நீங்கள் உட்காரும் தூரத்திலிருந்து காது கொடுங்கள். 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்டால் வேண்டாம். சினிமாப் பாட்டில் அது மறைந்துவிடும், தனி வயலின் மெல்ல இழையும் இடத்தில் மறையாது.

படி 4: கேட்டுப் பாருங்கள்

உங்களுக்கு மனப்பாடமான பதிவுகளையே எடுத்துப் போங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

தனிப் பியானோவில் கட்டை கட்டையாகக் கீழே இறங்கும் இடத்தில் ஏதாவது ஒரு சுரம் மட்டும் உரக்கக் கேட்கக் கூடாது. நால்வர் தந்தி இசையில் நான்கு பேரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கர்நாடக இசைக்காரர் என்றால் மிருதங்கத்தைக் கவனியுங்கள்: தொப்பிப் பக்கம் கும்மென்று குழம்பாமல், வலந்தலையின் கணீர் தனியாகக் கேட்கிறதா? கச்சேரிப் பதிவின் கடைசியில் வரும் கைதட்டலையும் தவற விடாதீர்கள். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் கேட்டால் ட்வீட்டர் (கீச்சொலி எழுப்பும் பகுதி) சரியில்லை.

அரை மணி நேரமாவது கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று மயக்குகிற ஸ்பீக்கர்தான் பல நேரம் பிறகு காதைக் குடையும்.

படி 5: வைக்கும் விதம்

ட்வீட்டர் காது மட்டத்தில், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமாக. பிறகு சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், கேபிள் மாற்றுவதைவிட இதில் நிறைய வித்தியாசம் தெரியும்.

பைப் ஆர்கன் பிரியர்களுக்கு மட்டும்: அதன் 32 அடிக் குழல் எழுப்பும் 16 ஹெர்ட்ஸ் எந்தச் சின்னப் பெட்டியிலும் வராது. சப்வூஃபர் (அடி ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டி) சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதன் பொறுப்பில் விட்டாலும், 16 வரை இறங்குவது அபூர்வம்.