பக்கத்துக் கம்பனியில் பணிப்பகிஷ்கரிப்பு: துணை நிற்கும் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை சீனக்குடா விமான ஓடுபாதையை அண்டிய 99 எண்ணெய்க் குதங்களும் 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி மூன்றாகப் பிரிந்தன. 14 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மீதி 61 இருவரும் பங்கு போட்ட கூட்டுக் கம்பனியிடமும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றில் பணிப்பகிஷ்கரிப்பு வந்தால் மற்ற இரண்டிலும் வேலை செய்பவர்கள் என்ன செய்வது? துறைமுகத்திலும், ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும் எந்த வேலைத்தளத்திலும் இதே கேள்வி எழும். இதில் பட்டுத் தெளிந்தவர்கள் விமானிகள். ஒரே முதலாளியின் கையில் இரண்டு மூன்று விமானக் கம்பனிகள் இருப்பது அந்தத் தொழிலில் வழமை. அவர்கள் சறுக்கிய இடங்களைத் திருகோணமலைத் தொழிற்சங்கங்கள் முன்கூட்டியே அறிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாளி ஒருவர் என்றால் ஒப்பந்தமும் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். 2001 மார்ச் 26 இல் அமெரிக்காவின் கொம்எயார் விமானிகள் வேலையை நிறுத்தினார்கள். அந்தக் கம்பனி முழுக்க டெல்டா விமானக் கம்பனிக்குச் சொந்தம். இரு பக்க விமானிகளும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். ஆனால் கூட்டு ஒப்பந்தம் வேறு, சம்பள அட்டவணை வேறு. போராட்டம் 89 நாள் நீண்டது. டெல்டா விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. இதைத் துரோகம் என்று பேசுவது எளிது. உங்கள் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில் நீங்கள் வேலையை நிறுத்தினால், பக்கத்துக் கம்பனியின் பிணக்கு உங்கள் ஒப்பந்த மீறலாக மாறிவிடலாம். ஆகவே கூட்டத்தில் கை உயர்த்துவதற்கு முன்னர் மூன்று இடங்களை வாசியுங்கள்: ஒப்பந்த காலத்தில் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற வாசகம் இருக்கிறதா, மறியல் நடக்கும் வாசலைத் தாண்ட மறுப்பவருக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறதா, உங்களை வேறு தளத்துக்கு மாற்றி அனுப்ப நிர்வாகத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு. மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. பணிப்பகிஷ்கரிப்பு நடக்கும் தளத்துக்கு உங்களை அனுப்பும் கடிதம் அந்த வாசகத்தைக் காட்டித்தான் வரும்.

எது அவர்களின் வேலை, எது உங்களின் வேலை

எங்கள் பார்வையில் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. வேலையை நிறுத்தாமலே துணை நிற்க ஒரு வழி உண்டு. நிறுத்தியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்ய மறுப்பதே அது. விமானி என்றால் உங்கள் வழமையான பறப்பு உங்களுடையது. பணிப்பகிஷ்கரிப்பு தொடங்கிய பின் அதே பாதையில் சேர்க்கப்படும் மேலதிகப் பறப்பும், சிறிய விமானத்துக்குப் பதிலாக விடப்படும் பெரிய விமானமும், நேற்றுவரை பக்கத்துக் கம்பனி ஓடிய பாதையும் அவர்களுடையவை. சங்கம் இந்தக் கோட்டை எழுத்தில் வரையாவிட்டால் நல்ல மனம் கொண்டவரும் தெரியாமலே கருங்காலி வேலை செய்து முடித்திருப்பார்.

கோட்டை வரைய ஆதாரம் வேண்டும். பிணக்கு கொதிநிலைக்கு வருமுன்பே கடந்த மூன்று மாதப் பதிவுகளைப் பிரதி எடுத்து வையுங்கள். எண்ணெய்க் குதம் என்றால் நாளொன்றுக்கு எத்தனை பவுசர் (எண்ணெய் லொறி) நிரப்பப்பட்டது, எந்த நிரப்பு நிலையங்களுக்குப் போனது, ஒரு ஷிப்டில் எத்தனை பேர், மேலதிக நேரம் எத்தனை மணி என்ற விபரங்கள் போதும். துறைமுகம் என்றால் கப்பல்களின் வரிசையும் குழுக்களின் எண்ணிக்கையும். வழமையாக நாளுக்கு 20 பவுசர் நிரப்பிய இடத்தில் திடீரென 35 வந்து நின்றால், அந்த 15 யாருடையவை என்று காட்ட இந்தப் பதிவுதான் உதவும். இதைப் பணிப்பகிஷ்கரிப்பு தொடங்கிய பின் தேடினால் கிடைக்காது.

ஆட்களோடு விமானத்தையே வாடகைக்கு எடுப்பது நிர்வாகங்கள் வழக்கமாகப் பிடிக்கும் குறுக்கு வழி. விமானம், பணிக்குழு, பராமரிப்பு, காப்புறுதி நான்கும் ஒரே வாடகையில் வந்துவிடும். 2017 ஜூலையில் பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் வேலையை நிறுத்தியபோது, கம்பனி கட்டார் எயர்வேய்ஸின் ஒன்பது விமானங்களை இப்படித்தான் ஆட்களோடு கொண்டுவந்தது. பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் தாய்க் கம்பனியில் கட்டார் அப்போது 20 சதவீதப் பங்குக்காரர். நம் ஊரில் இதற்கு ஈடு, வெளியிலிருந்து சாரதியோடு வந்து நிற்கும் பவுசர். துணை நிற்கும் சங்கம் தன் உறுப்பினர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை போய்விடும். அந்தச் சாரதிகளோடும் முன்கூட்டியே பேச வேண்டும்.

சட்டம் வேலியோடு மாறும்

2005 ஆகஸ்டில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கேட் குர்மே என்ற உணவு வழங்கும் கம்பனி நூற்றுக்கணக்கான தொழிலாளரை நீக்கியது. பெரும்பாலோர் தெற்காசியப் பெண்கள். அந்தப் பிரிவு 1997 வரை பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் சொந்தப் பிரிவாக இருந்தது. பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் தரைப் பணியாளர்கள் ஆதரவாக வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தடுமாறினார்கள். ஆனால் பிரித்தானியச் சட்டம் வேறு முதலாளியின் பிணக்குக்காக வேலையை நிறுத்துவதை அனுமதிக்காது. அந்தத் துணிச்சலை மதிக்கிறோம். ஆனாலும் சட்டத்துக்கு உட்பட்டுச் சங்கத்தால் அவர்களுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

இலங்கையில் இரண்டு சட்டங்களைப் பிரித்து அறிய வேண்டும். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் அத்தியாவசியக் கைத்தொழில் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், வேலைநிறுத்தத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பக்கத்துச் சங்கம் கொடுத்த அறிவித்தல் நமக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் தனியாகக் கொடுங்கள். மற்றது 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம். இது அரச திணைக்களம், கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி சபை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சேவைகளைத் தொடும். அத்தியாவசியச் சேவை என்று அறிவிக்கும் வர்த்தமானி வந்த பின் வேலைக்கு வராதவருக்கு மட்டுமல்ல, வராதே என்று தூண்டுபவருக்கும் தண்டனை உண்டு: இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை கடூழியச் சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். அதாவது தனியார் கம்பனித் தொழிலாளி ஒருவர் கூட்டுத்தாபன வாசலில் ஒலிவாங்கியைப் பிடித்தாலும், வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாலும் இந்தச் சட்டம் அவரிடம் வரலாம். ஒவ்வொரு நாள் காலையும் வர்த்தமானியைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 பேருக்கும் மேல் வேலை இழந்த நாடு இது.

சட்டத்தைச் சுற்றிப்போக எல்லோரும் ஒரே நாளில் சுகவீன விடுமுறை எடுப்பது நம் நாட்டில் பழகிய வழி. 1999 பெப்ரவரியில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானிகளும் அதைத்தான் செய்தார்கள். கம்பனி புதிதாக வாங்கிய ரீனோ எயார் விமானிகளைத் தங்கள் ஒப்பந்தத்துக்குள் எவ்வளவு விரைவில் சேர்ப்பது என்பதே பிணக்கு. திரும்பிப் போகும்படி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் சுகவீனம் தொடர்ந்தது. விளைவு, சங்கத்துக்கு ஏறத்தாழ 455 லட்சம் டொலர் அபராதம். சுகவீன விடுமுறையில் ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்தியச் சான்றிதழுக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டமாக நின்ற பலம் அங்கேயே கரைந்துவிடும். அதைவிடச் சட்டப்படி வேலை நூறு மடங்கு மேல். பாதுகாப்பு விதிகளை ஒவ்வொன்றாகக் கடைப்பிடிப்பதை எளிதில் குற்றம் என்று சொல்ல முடியாது.

எந்த நடவடிக்கையாக இருந்தாலும் கப்பலிலிருந்து எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் விட்டு வெளியேறக் கூடாது. குழாய் வால்வுகள் மூடப்பட்டு, தீயணைப்பு நீர்ப்பம்பிக்கு ஆள் இருப்பது உறுதியான பின்பே வாசலுக்கு வாருங்கள். வைத்தியசாலை மின்பிறப்பாக்கிகளுக்கான எரிபொருளுக்கு விலக்கு அளித்து அதை எழுத்தில் கொடுங்கள்.

பணக் கணக்கையும் முதலிலேயே போடுங்கள். சம்பளம் இழக்கும் 60 உறுப்பினருக்கு உதவியாக நாளுக்கு 2,000 ரூபா வீதம் கொடுத்தால் ஒரு நாளைக்கு 1,20,000. இரண்டு வாரத்துக்கு 16,80,000. நிதியில் ஆறு லட்சம்தான் இருந்தால் உங்களால் ஐந்து நாள்தான் தாங்க முடியும். அதற்கேற்ற தீர்மானத்தை எடுங்கள்.

எப்போது, எப்படித் திரும்புவது

1989 மார்ச் 4 இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் எயர்லைன்ஸ் இயந்திரத் தொழிலாளர்கள் வெளியே வந்தபோது விமானிகளும் அந்த மறியலை மதித்து நின்றார்கள். ஈஸ்டர்னின் அதே முதலாளியிடம் கொன்டினென்டல் என்ற விமானக் கம்பனியும் இருந்தது. அங்கே விமானிகளின் சங்கம் 1983 இல் தொடங்கிய போராட்டத்தில் உடைந்துபோயிருந்ததால் அந்த விமானங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஈஸ்டர்ன் விமானிகள் நவம்பரில் ஆதரவை விலக்கித் திரும்ப முயன்றபோது பல இடங்களில் புதியவர்கள் அமர்ந்துவிட்டார்கள். 1991 ஜனவரியில் கம்பனியே மூடப்பட்டது. எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுவாக்கெடுப்பு, எந்த நிலை வந்தால் எல்லோரும் சேர்ந்து திரும்புவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே இரு சங்கங்களும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பிணக்கு தீரும் நாளில் நடக்கும் தவறு இன்னும் கொடியது. பிரதான சங்கம் தன் சம்பளத்தைப் பேசி முடித்துக் கைகுலுக்கிவிடும். துணை நின்றவர்கள் பட்டியலில் இருக்க மாட்டார்கள். 1985 இல் அமெரிக்காவின் யுனைட்டட் எயர்லைன்ஸ் விமானிகளின் 29 நாள் வேலைநிறுத்தத்தில், பயிற்சியை முடித்திருந்த ஏறத்தாழ 570 புதிய விமானிகளில் மிகப் பெரும்பாலோர் மறியலைத் தாண்ட மறுத்தார்கள். சம்பளப் பேச்சு முடிந்த பின்னும் அவர்களைச் சேர்க்கக் கம்பனி மறுத்தது; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த இளைஞர்களை விட்டுக்கொடுக்காமல் சங்கம் பிடித்த பிடி எங்களுக்கு மிகவும் மதிப்புக்குரியது.

ஆகவே வேலைக்குத் திரும்பும் உடன்படிக்கையில் துணை நின்ற கம்பனிகளின் பெயர்களும், அந்த உறுப்பினர்களின் இலக்கங்களும், பணி மூப்பு முறியாது என்ற வாசகமும், தொடங்கிய ஒழுக்காற்று விசாரணைகள் கைவிடப்படும் என்ற வாசகமும், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்ற வாசகமும் இருக்க வேண்டும். தொழில் திணைக்கள அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திட்டு, மூலப் பிரதி ஒன்றைத் துணைச் சங்கம் தன் கையில் வாங்கிய பின்பே வாசலைத் தாண்ட வேண்டும்.