கத்திரி வெயிலில் தனுஷ்கோடி: திட்டம் போடுவது எப்படி?

தனுஷ்கோடிக்குப் போக மார்கழியும் தையும்தான் நல்ல காலம். ஆனால் பிள்ளைகளுக்கு லீவு மே மாதத்தில்தானே விடுகிறார்கள்? அதனால் கத்திரியிலேயே போய்விட்டு நல்லபடியாகத் திரும்புவதற்கான வழியை எழுதுகிறேன். ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுப்பது, ரூம் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்

பலரும் விடிந்ததும் கோயிலில் 22 தீர்த்தம் ஆடி, டிபன் முடித்து, பதினொரு மணிக்கு வண்டி ஏறுகிறார்கள். போய் இறங்கும்போது உச்சிவெயில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இதை அப்படியே மாற்றுங்கள். முந்தின நாள் இரவே ராமேஸ்வரத்தில் தங்கி, விடியலில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. எட்டரைக்குள் திரும்பி, டிபனுக்குப் பிறகு தீர்த்தம். வெயில் ஏறிய நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் தலையில் விழும் சுகமே தனி. அப்புறம் மூன்றாம் பிராகாரத்து நிழலில் நடக்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

2. வண்டி

வழியில் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பெல்லாம் வேனில்தான் மணலுக்குள் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. டவுன் பஸ் உண்டு. ஆனால் விடியலுக்கு என் ஓட்டு ஆட்டோவுக்குத்தான். காத்திருந்து கூட்டிவருவதற்கும் சேர்த்து வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதையும் முந்தின இரவே ஆட்டோ அண்ணனிடம் கேட்டு வையுங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் போட்டோ ஆசையில் ரோட்டை விட்டு மணலில் இறக்க வேண்டாம். டயர் புதைந்தால் அன்றைய காலை போச்சு.

3. காற்றை நம்பாதீர்கள்

திட்டம் போடும்போது என்னை ரொம்பக் குழப்பியது இதுதான். போனில் பார்த்தால் ராமேஸ்வரத்தின் வெப்பம் மதுரையை விடக் குறைவாகவே காட்டும். போய் நின்றாலும் கடல்காற்று வீசிக்கொண்டே இருக்கும். 'அவ்வளவு வெயில் இல்லையே' என்றுதான் தோன்றும். உண்மையில் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. சட்டை நனையாததால் உடம்பு தண்ணீர் இழப்பது தெரிவதில்லை. மேலே வெயில், வெண்மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்கு நேராக. தலைவலி வந்த பிறகுதான் பாட்டிலைத் தேடுவார்கள்.

ஆகவே தாகத்துக்காகக் காத்திருக்காமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடியுங்கள். பிள்ளைகளுக்கு நீங்களே கொடுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். யாருக்காவது தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே வண்டியில் ஏற்றித் திரும்புங்கள். பேச்சுக் குழறினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

குடை வேண்டாம், இந்தக் காற்றில் மடங்கிவிடும். தொப்பி பறந்துபோகும். ஈரிழைத் துண்டு ஒன்றை நனைத்துத் தலைப்பாகை கட்டிக்கொள்ளுங்கள். காலுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு. ஷூவுக்குள் மணல் சேர்ந்துவிடும்.

4. எதை முதலில் பார்ப்பது

நேராக முனைக்குப் போய்ச் சூரிய உதயம். தென்பக்கத்துக் கடலை ஆண் கடல் என்பார்கள், இந்தப் பருவத்துக் கச்சான் (தென்மேற்கு) காற்றில் கொந்தளிக்கும். வடபக்கத்துக் கடல் பெண் கடல், குளம்போல் கிடக்கும். அதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். முனையில் நீரோட்டம் இழுக்கும், காலடி மணலும் சரியும்.

திரும்பும் வழியில் பழைய ஊர். 1914 முதல் சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் மாறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரோடு ஒரு பாசஞ்சர் ரயிலும் போய்விட்டது. மாதா கோயில், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் மிச்சம் நிற்கிறது. அரித்துப்போன சுவர்கள் என்பதால் நிழலுக்காக ஒட்டி உட்கார வேண்டாம். கோதண்டராமர் கோயிலை எட்டு மணிக்குள் முடித்தால் வெறுங்காலுக்கு நல்லது.

மீன் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனும் கரைவலை மீனும்தான் கிடைக்கும், விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஈடாக நுங்கும் பதநீரும் இப்போதுதான் சீசன். பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

பின்சேர்க்கை: படித்த சிலர் கேட்டதால் இரண்டு விஷயம். முனையில் போன் இலங்கை சிக்னலைப் பிடிக்கக்கூடும், ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். வெயில் தாழ்ந்து மாலையில் போகலாமா என்றால், போகலாம். ஆனால் இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நாலு மணிக்கு ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பாவிட்டால் முனையோடு சரி, பழைய ஊரைப் பார்க்க நேரம் இருக்காது.