கண்மாயில் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுப்பது எப்படி?

ஜேசிபியை விட்டு ஒரே நாளில் கண்மாயை மொட்டையடித்துப் படம் போடுகிறார்கள். அடுத்த மழை முடிந்து போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கிளை துளிர்த்து, முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். வெட்டுவது சுலபம், ஒழிப்பதற்குத்தான் முறை வேண்டும்.

1. அனுமதி

கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விஏஓவிடம் கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலோடு மனுக் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விறகுக்கும் கரிக்கும் விலை உண்டு. ஏலம் விடாமல் வெட்டி விற்றால் ஊருக்குள்ளேயே சண்டை வரும்.

2. எது நிற்க வேண்டும்?

அவசரப்படக் கூடாத இடம் இது. முள் இருப்பதெல்லாம் சீமைக்கருவேலம் இல்லை.

நாட்டுக்கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தாற்போல இடையிடையே இறுகியிருக்கும். வெள்வேலுக்கும் பூ உருண்டைதான், நிறம் வெளிர்மஞ்சள். சீமைக்கருவேலின் பூ விரல் நீளக் கதிராகத் தொங்கும், காய் சதைப்பற்றோடு பழுத்து மஞ்சளாகும்.

அதிகம் பலியாவது வன்னி. அதற்கும் கதிர்ப் பூதான் என்பதால் பூவை நம்ப முடியாது. ஒரு கிளையை முகத்தருகே பிடித்து முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலில் இலை கிளம்பும் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக முள் இருக்கும். வன்னியில் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் சின்னச் சின்னதாகச் சிதறியிருக்கும். நிறுத்த வேண்டிய மரங்களுக்கெல்லாம் முந்தைய நாளே சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுங்கள். கயிறு கட்டினால் வேலை மும்முரத்தில் யார் கண்ணிலும் படாது.

3. எப்போது?

கண்மாய் வற்றி, ஒரு கோடை மழை பெய்து, மண் நெகிழ்ந்திருக்கும்போது. காய்ந்த கரிசலில் கடப்பாரை இறங்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தொட வேண்டாம். கொக்கு, நாரை கூடு கட்டும் காலம் அது. முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற இடங்களில் கருவேல் மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன.

4. தூர் எடுப்பது

துளிர்க்கும் மொட்டுகள் இருப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே. தரைமட்டத்தில் அறுத்தால் அந்தக் கழுத்து அப்படியே தங்கிவிடும். தீ வைத்தாலும் மேலே கருகும், கீழே பிழைத்துக்கொள்ளும். டீசல், ஆசிட் ஊற்றுகிற யோசனை நீர்நிலைக்குள் வேண்டவே வேண்டாம்.

கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை இடுப்பளவு விட்டுவையுங்கள், நெம்ப அதுதான் பிடி. சுற்றிலும் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, பக்கவேர்களைக் கோடாரியால் அறுத்து, மரத்தில் வடம் கட்டிச் சாய்த்து இழுக்கவும். கழுத்துக்கு ஓரடி கீழே ஆணிவேரை வெட்டினால் போதும், முழு வேரையும் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஜேசிபி உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் நிற்கும் பரப்பில், மட்டும் சரி. அப்போதும் குழிக்குழியாகப் பாருங்கள். வாளி பிய்த்துப்போட்ட கழுத்துத் துண்டு மண்ணில் இருந்தால் மறுபடி தளிர் வரும். முழங்கால் உயரக் கன்றுகளை ஈர மண்ணில் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

துணிக் கையுறையும் ரப்பர் செருப்பும் இந்த முள்ளுக்கு ஒன்றுமே இல்லை. தோல் கையுறை, தடித்த அடியுள்ள பூட்ஸ், கிளையை இழுக்க ஒரு கவட்டைக் கம்பு. இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. காயும் ஆடும்

காயுள்ள கிளையைக் கண்மாய் நெடுக இழுத்துக்கொண்டு போவது விதைப்பதற்குச் சமம். காயைத் தனியாகச் சாக்கில் சேருங்கள். ஆடு, மாடு தின்றால் விதை சாணத்தோடு முழுசாக வந்து முளைக்கும். அரைத்துக் கொடுத்தால் தீவனமாகும்.

மண்ணுக்குள் விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் கன்று பிடுங்கும் நாள் ஒன்று வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு. ஊர்க்கூட்டத்தில் இதற்குப் பெயர் எழுதி வாங்குங்கள். ஜேசிபி வாடகைக்கு நன்கொடை தர ஆள் கிடைக்கும், இதற்குத்தான் கிடைக்காது.

6. காலி இடத்தில்

தண்ணீர் நிற்கும் உள்வாயில் நாட்டுக்கருவேல். விதைமேல் கொதிநீர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து விதைக்கவும், இல்லாவிட்டால் முளைப்பு மந்தம். கரையோரம் நீர்மருது, புங்கன், நாவல். கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை.

பின்சேர்க்கை: கரைமேல் நிற்கும் பெரிய மரத்தை என்ன செய்வது என்று பலரும் கேட்கிறீர்கள். தண்ணீர் நிற்கும் நேரத்தில் கரையில் குழி தோண்டவே கூடாது, கசிவு கண்டு உடைப்பெடுக்கும். கோடையில் எடுத்தால் அன்றைக்கே குழியைக் களிமண்ணால் அரை அடி அரை அடியாக நிரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மடை, கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) ஓரத்தில் இருக்கும் மரமென்றால் பொறியாளர் வந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.