எம்டிபி ஓட்டி எடை குறைக்கணுமா, முதல்ல ஏத்தத்துல மெதுவா போகப் பழகுங்க

எடை குறைக்கணும்னு ஆசையா எம்டிபி, அதாவது மண்ணு, மலைப்பாதைல ஓட்டுற மவுண்டன் பைக், வாங்குறவங்கள்ல நிறைய பேர் சீக்கிரமே அதை ஓரங்கட்டிடுறாங்க. சோம்பேறித்தனம்னு சுத்தி இருக்கிறவங்க சொல்லுவாங்க, எனக்கு அப்படி தோணலை. முதல் ஏத்தத்தைப் பாத்ததுமே எழுந்து நின்னு வெறித்தனமா மிதிக்கிறாங்க, ரெண்டு நிமிஷத்துல மூச்சு முட்டுது, தொடை எரியுது, இறங்கி நின்னு இது நமக்கு செட் ஆகாதுப்பான்னு முடிவு பண்ணிடுறாங்க. அவங்க உடம்புல ஒரு குறையும் இல்ல, போன வேகம்தான் தப்பு. ஏத்தத்துல எவ்வளவு மெதுவா போகலாம்னு தெரிஞ்சுக்கிட்டவங்கதான் அடுத்த வாரமும் சைக்கிளை எடுக்கிறாங்க, எடுத்துக்கிட்டே இருந்தாத்தான் எடை குறையும்.

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். ஒரு வேலைக்கு உடம்பு எவ்வளவு ஆற்றல் செலவு பண்ணுதுன்னு சொல்ல 'மெட்'னு ஒரு அளவு வெச்சிருக்காங்க, சும்மா உக்காந்திருந்தா 1, சாதாரண நடைக்கு 3.5 பக்கம், எம்டிபி ஓட்டுறதுக்கு பொதுவா 8.5, செங்குத்தான ஏத்தத்துல முழு மூச்சோட ஏறினா 14 வரைக்கும் போகும். இந்த எண்ணை உங்க எடையால பெருக்கினா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோகலோரி (பேச்சுல கலோரின்னு சொல்றது இதைத்தான்) போகும்னு தோராயமா கிடைக்கும். 90 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு 765 வருது, சும்மா உக்காந்திருந்தாலே 90 போயிருக்கும், அதைக் கழிச்சா 675. வாரத்துக்கு மூணு மணி நேரம் ஓட்டினா 2000 சொச்சம். ஒரு கிலோ கொழுப்புல சுமார் 7700 கிலோகலோரி இருக்கு, ஆக சாப்பாட்டை துளியும் மாத்தாம ஓட்டினா மட்டும் வாரத்துக்கு கால் கிலோ, மாசத்துக்கு ஒரு கிலோ. அதுவும் நின்னு நின்னு போற நேரத்தைக் கழிச்சா இன்னும் கம்மி. இதைக் கேட்டு சோர்ந்து போகாதீங்க. வாரம் அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் குறையுறது நல்ல வேகம், அதுல ஒரு பங்கை சைக்கிள் பாத்துக்கும், மீதியை தட்டுல பாத்துக்கணும், அதுக்கு அப்புறம் வரேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, முக்கியமா ரொம்ப வருஷமா எந்த பயிற்சியும் இல்லாதவங்க, பிபி, சுகர், இதயப் பிரச்சினை இருக்கிறவங்க. இன்சுலின் போடுறவங்களுக்கும் சில சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் ரைடு நடுவுலயோ முடிஞ்சு சில மணி நேரம் கழிச்சோ சுகர் திடீர்னு இறங்கலாம், அதனால சட்டுனு கரையுற குளுக்கோஸோ சர்க்கரையோ பாக்கெட்ல இல்லாம ட்ரெயிலுக்குள்ள, அதாவது சைக்கிள் ஓட்டுற மண்பாதைக்குள்ள, போகவே கூடாது. ஓட்டும்போது நெஞ்சு வலி, தலை சுத்தல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு வந்தா அங்கேயே நிறுத்துங்க, இன்னும் ஒரு வளைவுதானேன்னு பாக்காதீங்க.

சைக்கிள் பத்தி ரொம்ப குழம்ப வேண்டாம். முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற ஹார்ட்டெயில், டிஸ்க் பிரேக், இது போதும். ஆனா கனமான உடம்புக்காரங்க ரெண்டு விஷயம் கண்டிப்பா பாக்கணும். ஒண்ணு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் இவ்வளவு எடை வரைக்கும்தான் தாங்கும்னு கம்பெனி ஒரு வரம்பு போட்டிருக்கும், மேனுவல்ல இருக்கும், அதைப் பாக்காம வாங்காதீங்க. ரெண்டாவது, இருக்கிறதுலயே லேசான கியர். முன்னாடி பெடல் பக்கத்துப் பல்சக்கரத்துல 30 அல்லது 32 பல், பின்னாடி பெரிய பல்சக்கரத்துல 50 அல்லது 51 பல் இருந்தா நடக்குற வேகத்துல கூட உக்காந்தபடியே ஏறலாம். பழைய சைக்கிள்னா முன்னாடி ரெண்டு மூணு பல்சக்கரம் இருக்கும், அதுல சின்னதைப் பயன்படுத்த வெக்கப்படாதீங்க, அது இருக்கிறதே அதுக்குத்தான்.

ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற சஸ்பென்ஷன், காத்து அடைக்கிற வகையா இருந்தா உங்க எடைக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணணும். கடையில இருந்து வந்தபடியே ஓட்டினா கனமானவங்களுக்கு ஒவ்வொரு குழியிலயும் ஃபோர்க் அடி வரைக்கும் இறங்கி 'டங்'னு இடிக்கும். ஃபோர்க் குழாய்ல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைக் கீழே தள்ளி வெச்சுட்டு, ரைடுக்குப் போற அதே பையோட அதே ஷூவோட மெதுவா ஏறி பெடல்ல நில்லுங்க, இறங்கிப் பாத்தா மொத்த தூரத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதிகபட்சம் நாலுல ஒரு பங்கு இறங்கியிருக்கணும். அதிகமா இறங்கினா காத்து ஏத்துங்க. டயர்ல 90 கிலோ ஆளுக்கு, 2.4 இன்ச் டியூப்லெஸ்ஸுன்னா, முன்னாடி 25 பிஎஸ்ஐ, பின்னாடி 28 பக்கம் வெச்சு ஆரம்பிச்சு அப்புறம் ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சுப் பாருங்க. டியூப் இருந்தா இன்னும் கொஞ்சம் கூட வேணும், இல்லன்னா கல்லுல மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கி பஞ்சர் ஆகிடும்.

சீட் உயரம் சரியில்லாததாலதான் பல பேருக்கு முட்டி வலியே வருது. பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை அதுல வெச்சா கால் நேரா நீளணும், அப்புறம் பாதத்தோட முன்பகுதியை வெச்சு மிதிக்கும்போது முட்டில லேசா ஒரு மடக்கு இருக்கும், அதான் அளவு. அடியில பேட் வெச்ச ஷார்ட்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, உள்ள ஜட்டி போடாம அதை மட்டும் போடுங்க, தையல் உரசி புண்ணாகாது. முதல் ரெண்டு வாரம் உக்காருற இடம் வலிக்கத்தான் செய்யும், பழகிடும். ஹெல்மெட் இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க, கிளவுஸும் வேணும், முட்டி பேடும் இருந்தா நல்லது.

இப்போ ஏத்தம். ஏத்தம் கண்ணுல பட்டதும், சமதளத்துல இருக்கும்போதே கியரை இறக்கிடுங்க, பாதி ஏத்தத்துல பாரம் முழுக்க பெடல் மேல இருக்கும்போது மாத்தினா செயின் கடகடன்னு கத்தும், சில நேரம் அறுந்தே போயிடும். எழுந்து நிக்காதீங்க. செங்குத்து கூடக்கூட சீட்டோட நுனிப்பக்கம் நகர்ந்து உக்காருங்க, முழங்கையை மடக்கி நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கி இறக்குங்க. ரொம்ப பின்னாடி உக்காந்தா முன்சக்கரம் தூக்கி அங்கயும் இங்கயும் அலையும், எழுந்து நின்னா பின்சக்கரத்து மேல பாரம் குறைஞ்சு சரளையில வழுக்கும், இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, உங்க இடுப்பு அதைத் தானா கண்டுபிடிக்கும். கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சிருக்கான்னு பாருங்க, விரலைத் தளர்த்தினாலே தோள் இறங்கும், தோள் இறங்கினா மூச்சு ஆழமாகும். பார்வை முன்சக்கரத்துல இல்லாம ஆறேழு மீட்டர் தள்ளி இருக்கட்டும். நிமிஷத்துக்கு 70, 80 சுத்து வர மாதிரி லேசா மிதிங்க.

அளவு எப்படித் தெரியும்னா, பக்கத்துல வர்றவங்ககிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதுன்னா வேகத்தைக் குறைங்க. கியர் எல்லாம் இறக்கிட்டும் பேச முடியலையா, இறங்கித் தள்ளிக்கிட்டு நடங்க. ஏத்தத்துல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறதும் நல்ல பயிற்சிதான், அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. வாட்ச் கட்டியிருக்கிறவங்க அதிகபட்ச இதயத் துடிப்புல 60ல இருந்து 70 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கோங்க, ஆனா பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை சாப்பிட்டா துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அவங்க வாட்ச்சை நம்பாம பேச்சையே அளவா வெச்சுக்கணும். இந்த வேகத்துல உடம்பு கொழுப்பை எரிபொருளா நல்லாப் பயன்படுத்தும், அதைவிடப் பெரிய லாபம், ரைடு முடிஞ்சு அடுத்த ரெண்டு நாள் படுத்துக் கிடக்க வேண்டியிருக்காது.

முதல் ரெண்டு மூணு வாரம் மண்ரோடு, சமதளம், பச்சை நிறம் போட்ட ஈஸி ட்ரெயில், அரை மணி நேரம், வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி, அவ்வளவுதான். நீலம் அடுத்த கட்டம், கருப்பு போட்டது கைதேர்ந்தவங்களுக்கு. அப்புறம் ஒரே ஒரு ரைடை மட்டும் வாரா வாரம் பத்து நிமிஷம் நீட்டிக்கிட்டே போங்க, மத்த ரெண்டும் அப்படியே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி சொல்லுது, இப்படிப் போனா ரெண்டு மாசம் சொச்சத்துல அந்த 150ஐ எட்டிடலாம். அதுக்கப்புறம் வேணும்னா வாரத்துல ஒரு நாள் மட்டும் ஏத்தத்துல மூணு நிமிஷம் நல்லா முக்கி ஏறிட்டு மூணு நிமிஷம் சும்மா உருட்டி, இப்படி நாலு தடவை பண்ணலாம். ஒரு நாள் போதும்.

இறக்கத்துல கலோரி பெருசா போகாது, ஆனா விழுந்து கையை உடைச்சுக்கிட்டா மூணு மாசம் வீட்ல உக்காரணும், அதனால இதையும் ஒழுங்கா கத்துக்கணும். ரெண்டு பெடலையும் கிடைமட்டமா வெச்சு நில்லுங்க, எடை கையில இல்லாம பாதத்துல இருக்கணும், குதிகால் கொஞ்சம் கீழ, முழங்கை வெளிப்பக்கம் மடங்கி. சீட்டை இறக்கிக்கோங்க. ஒவ்வொரு பிரேக்லயும் ஒரு விரல், ரெண்டையும் சேத்து மெதுவா பிடிங்க, நிறுத்துற சக்தி அதிகமா முன் பிரேக்லதான் இருக்கு, ஆனா சரளை வளைவுல அதைச் சட்டுனு பிடிச்சா முன்சக்கரம் வழுக்கிடும், வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சுட்டு விட்டுப் பிடிங்க. பயமா இருக்கிற இடத்துல இறங்கி நடந்து போங்க. எதிர்ல நடந்து வர்றவங்களுக்கு வழி விடுங்க, மழை பெஞ்சு சேறா இருக்கிற ட்ரெயில்ல ஓட்டாதீங்க, தடம் பள்ளமாகி மத்தவங்களுக்கும் கெட்டுப் போயிடும்.

சாப்பாடுதான் பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம். ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வீட்டுக்குள்ள நுழையும்போது வாட்ச்ல 1400 கலோரின்னு காட்டும், மனசு உடனே 'இன்னைக்கு என்ன வேணா சாப்பிடலாம்'னு சொல்லும், ஷூவைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கை பிஸ்கட் டப்பாவுக்குப் போயிடும், நின்ன வாக்குலயே 600 கலோரி உள்ள போயிடும். வாட்ச் காட்டுறது பல நேரம் மிகை, அதைத் திருப்பிச் சாப்பிட்டு ஈடு கட்டாதீங்க. இதுக்கு வழி மன உறுதின்னு நான் சொல்ல மாட்டேன், கிளம்புறதுக்கு முன்னாடியே வந்து சாப்பிட வேண்டியதை ரெடி பண்ணி வெச்சுட்டுப் போங்க, முட்டை, பருப்பு, மீன், தயிர்னு புரதம் இருக்கட்டும், காய் நிறைய இருக்கட்டும். நாள் முழுக்கச் சேத்து ஒரு கிலோ எடைக்கு 1.2ல இருந்து 1.6 கிராம் வரை புரதம் கிடைச்சா எடை குறையும்போது தசை கரையுறது குறையும், கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்கோங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள முடியுற ரைடுக்கு தண்ணி போதும், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினா மணிக்கு 30 கிராமாவது மாவுச்சத்து எடுத்துக்கோங்க, ஒரு பெரிய வாழைப்பழம் கிட்டத்தட்ட அந்த அளவு. பட்டினியா ஓட்டினா சீக்கிரம் குறையும்னு நினைச்சு வெறும் வயித்துல நீண்ட ரைடு போறவங்கதான் ராத்திரி கட்டுப்பாடில்லாம சாப்பிடுறாங்க.

முதல் சில வாரம் எடை மிஷின் அசையாது, ஏறக் கூட செய்யலாம், வேலை செஞ்ச தசை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். தினமும் ஏறி நின்னு மனசைக் கெடுத்துக்காம வாரத்துக்கு ஒரு தடவை காலைல பாருங்க, கூடவே இடுப்பைச் சுத்தி டேப் வெச்சு அளந்து எழுதி வைங்க.

மனசுக்கு இது பண்ற நல்லதை நான் எடையை விடப் பெருசாவே நினைக்கிறேன். முன்னாடி ஒரு வேர் குறுக்கே கிடக்கு, அதுக்கப்புறம் ஒரு கல்லு, நடுவுல கையளவு இடம், அதுல சக்கரத்தை விடணும்னு கண்ணும் கையும் சேந்து வேலை பார்க்கிற அந்த நேரத்துல ஆபீஸ் கவலைக்கு மூளைக்குள்ள இடமே கிடையாது. ஜிம் சைக்கிள்ல உக்காந்து சுவரைப் பாத்து மிதிக்கும்போது இது கிடைக்காது. அன்னைக்கு ராத்திரி தூக்கமும் நல்லா வரும், தூக்கம் சரியா இருந்தா மறுநாள் பசியும் கட்டுக்குள்ள இருக்கும். போனை சைலண்ட்ல போட்டு பைக்குள்ள வைங்க, அவசரத்துக்கு மட்டும். தனியா போறீங்கன்னா எந்த வழியில போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. மன அழுத்தத்துக்கு ஏற்கனவே சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு இது கூடுதல் துணை, அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க.

வாரத்துக்கு ரெண்டு நாள் இருபது நிமிஷம் ஸ்குவாட், புஷ்அப், பிளாங்க் மாதிரி ஏதாவது பண்ணுங்க. சைக்கிள்ல உடம்போட பாரத்தைப் பெரும்பாலும் சீட் தாங்கிடுது, முட்டிக்கு அது நல்லது, ஆனா எலும்பு பலமாக நடக்குறதும் எடை தூக்குறதும் வேணும்.

அஞ்சாறு கிலோ இறங்கினதும் பழைய செட்டிங் உங்களுக்கு ஒத்து வராது, ஃபோர்க் கல்லு மாதிரி இறுகி கை வலிக்க ஆரம்பிக்கும். அந்த ரப்பர் வளையத்தை மறுபடியும் கீழே தள்ளி அளந்து பாத்து காத்தைக் கொஞ்சம் குறைங்க, அமுங்கின ஃபோர்க் திரும்ப எழும்புற வேகத்தை மாத்துற ரீபவுண்ட் திருகை ஒரு கிளிக் வேகப் பக்கம் திருப்புங்க, டயர்ல ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ இறக்குங்க. எடை குறைஞ்ச உடம்பு அதே ரைடுக்கு முன்னைவிடக் கம்மியாத்தான் செலவு பண்ணும், அதனால எடை நின்னுட்டா நீண்ட ரைடை இன்னும் அரை மணி நேரம் கூட்டுங்க, தட்டுல இருக்கிற அளவையும் ஒரு தடவை திரும்பப் பாருங்க.