விக்கிப்பீடியாவில் உங்கள் பயனர் பக்கம்: எதை எழுதுவது, எதை விடுவது

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கிய கையோடு பலரும் கட்டுரைக்குள் குதித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அண்மைய மாற்றங்கள் என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய பயனருக்கு உங்கள் பெயர் சிவப்பாகத் தெரியும். அந்தப் பெயருக்கு இன்னும் பயனர் பக்கம், அதாவது உங்களை மற்ற பயனர்களுக்கு அறிமுகப்படுத்தும் பக்கம், இல்லை என்று அர்த்தம். தெரிந்துதான் மாற்றினாரா, தெரியாமல் கைவைத்தாரா என்று அவர் ஊகிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுத அரை மணி நேரம் ஒதுக்கினால் அந்த ஊகத்துக்கே வேலை இருக்காது.

படி 1: பெயர்

நீங்கள் செய்யும் ஒவ்வொரு தொகுப்பிலும் (அதாவது மாற்றத்திலும்) இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். பிறகு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்தான். எதற்கு வீண் அலைச்சல்? சொந்தப் பெயர் கட்டாயமில்லை, புனைபெயர் போதும். நிறுவனத்தின் பெயரில் மட்டும் தொடங்காதீர்கள். இதே கணக்கு விக்சனரி (அகராதி), விக்கிமூலம் (நூலகம்), பொதுவகம் (படங்களின் சேமிப்பகம்) எல்லாவற்றுக்கும் செல்லும்.

படி 2: பக்கத்தைத் திறப்பது

புகுபதிகை செய்ததும் (கணக்கில் நுழைந்ததும்) மேலே தெரியும் உங்கள் பெயரைச் சொடுக்குங்கள். வெற்றுத் தொகுப்புப் பெட்டி திறக்கும். கை நடுங்கினால் முதலில் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு இங்கே கொண்டுவந்து ஒட்டுங்கள்.

படி 3: நான் யார்?

புதியவர்கள் எழுதும் அறிமுகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வணக்கம். நான் முதுகலைப் பட்டதாரி. தமிழ்மீது தீராத பற்றுக் கொண்டவன். கவிதை, கட்டுரை எழுதுவேன். பல பரிசுகள் பெற்றுள்ளேன்."

இதைப் படிப்பவருக்கு உங்களை எதற்குக் கூப்பிடலாம் என்று தெரியவில்லை. அங்கே வருகிற எல்லாருக்குமே தமிழ்ப்பற்று உண்டு. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒளியியல், மின்னியல் கட்டுரைகளில் சமன்பாடு தவறாக இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பேன். மேற்கோள் வார்ப்புரு இன்னும் கைவரவில்லை. சொதப்பியிருந்தால் பேச்சுப் பக்கத்தில் தெரிவியுங்கள்."

மேற்கோள் வார்ப்புரு என்பது ஆதாரத்தைக் குறிப்பிட உதவும் ஆயத்த அச்சு. பேச்சுப் பக்கம் என்பது ஒருவருக்குச் செய்தி இடும் பக்கம். இங்கே கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். என்ன தெரியாது என்று எழுதியவரின் பிழையை யாரும் விசமத்தனம் என்று எடுத்துக்கொள்வதில்லை. நேரே அழிக்காமல் சொல்லிக்கொடுக்க வருவார்கள்.

மொழித்திறனைக் காட்ட பாபெல் பெட்டி இருக்கிறது. தாய்மொழி, ஓரளவு, கொஞ்சம் என்று படிநிலைகளாகக் காட்டும். அதன் நிரலை மனப்பாடம் செய்ய வேண்டாம். வேறொரு பயனர் பக்கத்தின் மூலத்தைத் திறந்து அந்த வரியைப் படியெடுத்து, மொழிக் குறியீட்டையும் அளவையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். விக்கியில் இது திருட்டு அல்ல. எல்லாரும் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

படி 4: உங்கள் கருத்து

கட்டுரையில் உங்கள் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. நடுநிலை நோக்கு விக்கிப்பீடியாவின் ஐந்து தூண்களில், அதாவது அடிப்படைக் கொள்கைகளில், ஒன்று. பயனர் பக்கத்தில் இடம் உண்டு. ஆனால் எதைப் பற்றிய கருத்து? தேர்தலில் யாருக்கு வாக்களிப்பேன் என்பதை இங்கே எழுதினால் நாளை நீங்கள் செய்யும் எழுத்துப்பிழைத் திருத்தத்தைக்கூட அந்தக் கண்ணாடி போட்டுத்தான் பார்ப்பார்கள்.

எழுத வேண்டியது, விக்கி வேலையைப் பற்றிய உங்கள் நிலைப்பாடு. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, இரண்டு வரிக் குறுங்கட்டுரை இருக்கலாமா, இயந்திர மொழிபெயர்ப்பை எந்த அளவுக்குத் திருத்தினால் ஏற்கலாம், கலைச்சொல்லைப் புதிதாக ஆக்கலாமா: தமிழ் விக்கியில் ஓயாமல் பேசப்படும் சங்கதிகள் இவை. உங்கள் பக்கம் எது என்று ஒளிக்க வேண்டியதில்லை. எழுதும்போது ஒன்றை மட்டும் செய்யுங்கள்: நம்புவதைச் சொன்ன கையோடு, அதை வைத்து என்ன செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

"கிரந்தம் கூடாது என்பது என் கொள்கை" என்று நிறுத்தினால் சண்டைக்கு வந்தவர்போல இருக்கும். "நான் தொடங்கும் கட்டுரைகளில் கிரந்தம் தவிர்ப்பேன், பிறர் எழுதியதில் இதற்காக மட்டும் கைவைக்கமாட்டேன்" என்று எழுதினால் எதிர்க்கருத்து உள்ளவரும் உங்களோடு உட்கார்ந்து வேலை பார்ப்பார். கருத்து அதேதான். மற்றவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்த இரண்டாம் பாதி.

விக்கியின் நடைமுறையையே மாற்றும் நோக்கத்தோடு நீண்ட வாதம் வைக்க ஆசையா? அதை எல்லாரும் கூடிப் பேசும் ஆலமரத்தடி பக்கத்தில் எழுதுங்கள். பயனர் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

படி 5: நலமுரண் (சொந்த நலன் குறுக்கிடுவது)

நீங்கள் வேலை செய்யும் நிறுவனம், உங்கள் குடும்பத்தார், நீங்கள் எழுதிய புத்தகம் பற்றிய கட்டுரைகளைத் தொடப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு தொகுப்பதாக இருந்தால் யார் தருகிறார்கள் என்று வெளிப்படுத்துவது கட்டாயம். 2014 முதல் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது.

படி 6: விட வேண்டியவை

என் முதல் பயனர் பக்கத்தில் பிறந்த தேதி, கைப்பேசி எண், வீட்டு முகவரி மூன்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கல்யாணத் தரகர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு வாரம் கழித்துப் புத்தி வந்து அழித்தேன். பக்கத்தில்தான் அழிந்தது, பக்கத்தின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் வரலாற்றில் பழைய பதிப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதையும் மறைக்க உரிய உரிமை உள்ளவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. வெளியிடும் முன்பே யோசித்திருந்தால் இந்தக் கூத்து இல்லை.

இணையத்தில் எடுத்த நடிகர் படமும் வேண்டாம். பதிப்புரிமை உள்ள படத்தை நியாயப் பயன்பாடு (அனுமதி இல்லாமலே பயன்படுத்த இடம்தரும் விதிவிலக்கு) என்று சொல்லிப் பயனர் பக்கத்தில் போட முடியாது. நீங்களே எடுத்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்றிப் பயன்படுத்தலாம்.

படி 7: வெளியிடுவது

முன்தோற்றம் பாருங்கள். சுருக்கம் கேட்கும் பெட்டியில் "அறிமுகம்" என்று ஒரு சொல் இட்டு வெளியிடுங்கள். பெயர் நீலமாகிவிடும்.

பெரும்பாலும் உங்கள் பேச்சுப் பக்கத்தில் "வாருங்கள்" என்று தொடங்கும் வரவேற்புச் செய்தி கிடக்கும். அது வார்ப்புருதான், ஆனால் அதை இட்டவர் உதவக் காத்திருப்பவர். அதன் கீழேயே உங்கள் முதல் சந்தேகத்தைக் கேளுங்கள், அந்த மேற்கோள் வார்ப்புருவைப் பற்றியே கேட்கலாம். முடிவில் ~~~~ என்று நான்கு நெளிகோடு இடுங்கள். பெயரும் நேரமும் தானாக விழும். பயனர் பக்கத்தில் கையொப்பம் தேவையில்லை, பேச்சுப் பக்கத்தில் மறக்காதீர்கள்.