தாராசுரத்துக்கு ஒரு ஞாயிறு

கும்பகோணத்தில் போய் இறங்கியதும் சித்தப்பாவோ மாமாவோ ஒரு காரை ஏற்பாடு செய்துவிடுவார்கள். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் ஒரே நாளில். "அப்படியே தாராசுரமும் பாத்துடலாம்ப்பா" என்று கடைசியில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். இருபது நிமிடம். வெளியே கார் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டுநர் "இன்னும் திருநள்ளாறு இருக்கு சார்" என்று மணியைக் காட்டிக்கொண்டிருந்தார். தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலைப் பார்த்ததாக ஊர் திரும்பிச் சொல்லிக்கொண்டேன். பார்க்கவில்லை என்பது அடுத்த தடவை தனியாகப் போனபோதுதான் தெரிந்தது.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு எழுதும் இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது தடவைக்கானது. காரை வேண்டாமென்று சொல்லுங்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

தாராசுரம் கும்பகோணத்திலிருந்து தஞ்சை போகும் சாலையில் நாலு கிலோமீட்டர்தான். 2021-இல் கும்பகோணம் மாநகராட்சி ஆனபோது அதோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் தெருவுக்குள் நுழைந்தால் தனி ஊரின் நடைதான். டவுன் பஸ் போகிறது. ஆட்டோ என்றால் ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள், உங்கள் செருப்பையும் முதுகுப்பையையும் பார்த்தே நீங்கள் யாரென்று கணக்குப் போட்டுவிடுவார்கள். சின்ன ரயில் நிலையமும் உண்டு, பாசஞ்சர் வண்டிதான் நிற்கும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும்.

காலை ஆறரைக்குள் கிளம்புங்கள். முதலில் கும்பகோணத்திலேயே ஒரு காபி, பித்தளை டபராவில். "கும்பகோணம் டிகிரி காபி" என்று தமிழ்நாட்டு நெடுஞ்சாலை எங்கும் பலகை தொங்குகிறது. கும்பகோணத்துக்காரர்கள் அந்தப் பலகைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் கால். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கல்தளத்தில் நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அது தோசைக்கல். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துப்போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நண்பகலில் நடை சாத்தி, நாலு மணி வாக்கில் மறுபடி திறப்பார்கள்.

ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியவர் இரண்டாம் ராஜராஜன், 12-ஆம் நூற்றாண்டு. ஊரின் பழைய பெயர் ராஜராஜபுரம், அதுதான் வாயில் தேய்ந்து தாராசுரம் ஆனது என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இருநூறு அடிக்கு மேல். இங்கே ஏறக்குறைய 80 அடி. தஞ்சையைப் பார்த்த கண்ணோடு வந்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டுக் குனியுங்கள். இது குனிந்து பார்க்க வேண்டிய கோயில்.

முதலில் ராஜகம்பீரன் திருமண்டபம். தேர் வடிவம், கல் சக்கரம், இழுக்கும் குதிரை. எல்லோரும் இங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் தூண்களுக்குப் போங்கள். ஒரு சாண் கட்டத்துக்குள் நாட்டியக்காரி, பக்கத்துக் கட்டத்தில் மத்தளக்காரன், அடுத்ததில் புராணக் கதை. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அது எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளைத் தேடவிடுங்கள். எனக்கு அதனால் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைத்தது.

அப்புறம் கருவறையின் வெளிச்சுவர். அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில், நாயன்மார் கதைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டினவன். அப்பா காலத்துப் புத்தகம், மை காய்வதற்குள் மகன் காலத்தில் கல்லேறிவிட்டது. கண்ணப்பர் இருக்கிறார். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் அவிநாசிக் கதை இருக்கிறது.

சிற்பங்களோடு சின்னச் சின்ன எழுத்தும் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு முனகிக்கொண்டே போகிற பிள்ளையை அங்கே உட்காரவையுங்கள். ட, ப, ம சட்டென்று பிடிபடும். புள்ளி மட்டும் இருக்காது, அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. என் மகள் "டீச்சர் இதுக்கு மார்க் குறைச்சிருப்பாங்க" என்றாள்.

நந்திக்கு அருகே பலிபீடத்துப் படிகள், தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் தருமாம். இப்போது கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். திறந்து காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எட்டு நூற்றாண்டாகத் தட்டு வாங்கிய கல் அது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோயில் முன்புறம் தெருவை விடத் தாழ்வு, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும்.

பத்தரை மணிக்கு வெளியே வந்து தெருக்களில் நடங்கள். தறிச் சத்தம் கேட்கும். பட்டு நெசவு செய்பவர்களில் பெரும்பாலோர் சௌராஷ்டிரர்கள், வீட்டில் அவர்கள் பேசுவது அவர்கள் மொழி, உங்களிடம் நல்ல தஞ்சாவூர்த் தமிழ். வாசலில் நின்று "தறி பாக்கலாமாங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும், தலைக்கு மேல் புடவையின் பூ வேலைப்பாட்டைத் தீர்மானிக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரளும். உடலும் கரையும் வேறு நிறமாக இருக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டியிருக்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலின் மேல் கை வைக்காதீர்கள். அமாவாசையன்று தறிக்கு விடுமுறை விடும் வழக்கம் நெசவாளர்களிடம் உண்டு, கிளம்பும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

புடவை வாங்குவதானால் ஜரிகையைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள், பில் வாங்குங்கள். தறியடியில் நின்று பாதி விலைக்குப் பேரம் பேசுவது மட்டும் வேண்டாம். டொராண்டோவில் காபிக் கடையில் பேரம் பேசுகிறோமா?

மதியம் கும்பகோணம் திரும்பி வாழையிலைச் சாப்பாடு, பிறகு தூக்கம். மாலை டிபனுக்கு இட்லியோடு கடப்பா கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட இந்தப் பக்கத்துப் பண்டம். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சுவாமிமலையை இதே நாளில் திணிக்காதீர்கள், அதற்குச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளோடு தனியாக ஒரு நாள் வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. புதுச் சிலையும் பார்க்கப் பழசாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை தொல்லியல் துறையிடம் வாங்கவேண்டும், அதற்கு நாளாகும். பயணத்தின் கடைசி நாளில் சிலை வாங்காதீர்கள்.

மாலையில் மறுபடி தாராசுரம் போங்கள். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், அத்தை வாசலைத் தாண்டவிட மாட்டார். அதனால் நாலேகாலுக்கே கிளம்பிவிடுங்கள். கோயிலைச் சுற்றிய புல்வெளியில் உள்ளூர்க் குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருக்கும், குழந்தைகள் ஓடும். காலையில் நிழலில் இருந்த மேற்குச் சுவரில் இப்போது வெயில் விழும். காலையில் தேடிக் கிடைக்காத யானையும் காளையும் பிள்ளைகளுக்கு இப்போதாவது கிடைக்கலாம்.