டிபி மாத்திரையும் யூரிக் ஆசிட்டும்: தட்டில் நடக்கும் தவறுகள்

எங்கள் பிரிவுக்கு வருடா வருடம் உணவியல் மாணவிகள் பயிற்சிக்கு வருவார்கள். டிபி மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்த ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 10 என்று கண்ணில் பட்டால் போதும், 'யூரிக் ஆசிட் டயட்' என்று அச்சடித்த தாளை எடுத்து நீட்டிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதே தாளைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன், அதனால் அவர்களைத் திட்ட வாய் வராது. ஆனால் தாள் மட்டும் மாறவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டால்தான் ஏறியது என்று நினைப்பது

முதல் 2 மாதம் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் நான்கு மருந்துகள் இருக்கின்றன: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்பியூட்டால். இதில் பைராசினமைடு உடம்புக்குள் போய் பைராசினாயிக் அமிலமாக மாறுகிறது. சிறுநீரில் போக வேண்டிய யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் மறுபடி ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்வது இதனால்தான். எதாம்பியூட்டாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றும். நேற்று தின்ற சுண்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பைராசினமைடு சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அளவு ஏறத்தான் செய்யும், அவர்களில் பலருக்கு ஒரு வலியும் இருக்காது. வலி இல்லாதவருக்கு இந்த டெஸ்ட் எடுப்பதே வழக்கமாகத் தேவையில்லை.

2 மாதம் முடிந்ததும் பைராசினமைடை நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் 4 மாதம் தொடர்வார்கள். அதற்கப்புறம் சில வாரங்களில் யூரிக் ஆசிட் தானாக இறங்கிவிடும். அப்போதும் இறங்காமல் நின்றால், அது அவருக்கு முன்பே இருந்ததா என்று டாக்டர் பார்ப்பார்.

பருப்பையும் முட்டையையும் தட்டிலிருந்து எடுப்பது

இதுதான் என்னை இன்றைக்கும் கடுப்பேற்றுகிற தவறு.

பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒருவர். சிகிச்சை தொடங்கும்போது எடை 41 கிலோ. 35 முதல் 49 கிலோ வரை தினமும் 3 மாத்திரை என்பது கணக்கு, அதன்படி சரியாகச் சாப்பிட்டுவந்தார். மூன்றாவது வாரத்தில் முழங்கால், தோள்பட்டை, விரல் மூட்டு எல்லாம் வலி. வெளியே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தார். ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 11, தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு அம்புக்குறியோடு. அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் குடும்பமே பயந்துபோனது. யாரோ ஒரு தாளையும் கொடுத்துவிட்டார்கள். பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, காளான், முட்டை, கறி, மீன் எல்லாவற்றுக்கும் அதில் சிவப்புப் பெருக்கல் குறி.

அடுத்த மாதம் எடை பார்த்தால் 39. "மாத்திரை இவருக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன் மேடம்" என்றார் மனைவி. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதமும் சுரைக்காயும், ராத்திரி இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ள சட்னி, சாம்பார் கிடையாது. முட்டை? "ஐயோ, யூரிக் ஆசிட் ஏறிடுமே!"

முட்டையில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகக் குறைவு. பாலும் தயிரும் அளவைக் குறைக்கத்தான் உதவும். பருப்பிலும் கீரையிலும் பியூரின் இருப்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான பெரிய ஆய்வில், கறியும் கடல் உணவும்தான் கவுட் வாதத்தை (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வீக்க வலி) கூட்டின. பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை, பால் பொருட்கள் குறைத்தன. இது வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தாளில் கீரைக்குப் போட்ட பெருக்கல் குறி மட்டும் அப்படியே இருக்கிறது.

கவுட்காரருக்கு எழுதிய தாள் அது. கவுட்காரர் பெரும்பாலும் எடை குறைய வேண்டியவர், டிபிகாரர் எடை ஏற வேண்டியவர். டிபிகாரர்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், முதல் 2 மாதத்துக்குள் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 41 கிலோக்காரருக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ. இவரோ அந்த 2 கிலோவை எதிர்ப்பக்கமாகக் கடந்திருந்தார். தமிழ்நாட்டில் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்ததிலிருந்து, நோயைக் கண்டுபிடித்ததும் உடல் மெலிவையும் முதலிலேயே அளக்கிறார்கள். அவ்வளவு முக்கியமான எடையை ஒரு அம்புக்குறிக்குப் பயந்து இழக்கலாமா?

முட்டை தட்டுக்குத் திரும்பியது, டாக்டர் எழுதிக்கொடுத்த பாரசிட்டமாலில் வலியும் அடங்கியது. அதற்கடுத்த மாதம் 41-க்கே வந்து நின்றார். முதல் 2 மாதம் வீண்.

ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். 2 முட்டையில் 12 கிராம் புரதம், அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் பருப்பு போட்ட சாம்பாரில் 11, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கால் கிலோ அரிசி வடித்தால் அதிலேயே 17 வரும். மொத்தம் 70-ஐ நெருங்குகிறது, 50 கிலோ இருக்க வேண்டிய ஆளுக்கு இது போதும். ஒரு துண்டு கறிகூட இதில் இல்லை. கோழியோ சாதாரண மீனோ வேண்டுமென்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், குழம்பில் இரண்டு துண்டு சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் தனியாகக் கேட்க வேண்டும்.

சுவரொட்டியும் ஆட்டுக்கால் சூப்பும்

டிபி என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் பாசமாகக் கொண்டுவருவது இவைதான். மூட்டு வலி இருக்கும்போது ஒதுக்க வேண்டியதும் இவற்றைத்தான்: ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), குடல், நெத்திலி, மத்தி. சூப்பைக் குடித்துவிட்டுக் கறியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது இன்னொரு வேடிக்கை. புரதம் கறியில் இருக்கிறது.

வலிக்கிறதே என்று டிபி மாத்திரையை நிறுத்துவது

கூடாது. வலிக்கு வேறு மாத்திரை இருக்கிறது.

அலோபூரினாலைத் தானே வாங்கிப் போடுவது

மெடிக்கலில் கேட்டால் சில இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். கவுட்டுக்கு நல்ல மருந்து. ஆனால் பைராசினமைடு ஏற்றிய யூரிக் ஆசிட்டை இது இறக்காது. யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கிற பைராசினாயிக் அமிலம் சிதைவதையே இது தடுப்பதால், அது உடம்பில் இன்னும் தேங்கும்.

எல்லா வலியையும் ஒன்றாக எண்ணுவது

பல மூட்டுகளில் மந்தமாக வலிப்பது மருந்தால் வருவது, பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ராத்திரியோடு ராத்திரியாகக் கால் பெருவிரல் மூட்டு மட்டும் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனால் அது உண்மையான கவுட்டாக இருக்கலாம், மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். பாதம் எரிந்து மரத்துப்போவது ஐசோனியாசிட்டால் வரும் நரம்புக் கோளாறு, அதற்கு பி6 வைட்டமின் கொடுப்பார்கள். வாந்தியோடு கண் மஞ்சளானால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது ஈரல் விஷயம்.

ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர்

ரிஃபாம்பிசினின் நிறம். யூரிக் ஆசிட் கரைந்து போவதில்லை.

கலர், பாக்கெட் ஜூஸ்

கறியை விட்டவர்கள் இதை விடுவதில்லை. சர்க்கரையிலுள்ள ஃபிரக்டோஸ் யூரிக் ஆசிட்டை ஏற்றும்.

சூரை மீன்

இதற்கும் யூரிக் ஆசிட்டுக்கும் சம்பந்தம் குறைவு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஐசோனியாசிட் சாப்பிடும்போது சூரை மாதிரி மீன் தின்றால் சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ஹிஸ்டமினை உடம்பால் உடைக்க முடியாமல் போவதுதான் காரணம். அந்த 6 மாதம் வேறு மீன் வாங்குங்கள்.

டப்பா மாவுக்குக் காசைக் கொட்டுவது

டிபிகாரர்களின் சாப்பாட்டுக்கு அரசு பணம் கொடுக்கும் நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகிவிட்டது. அதை எடுத்து ஒரே ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறார்கள், பத்து நாளில் காலி. முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் தினம் இரண்டு, மாதத்துக்கு 420 ரூபாய்தான். மிச்சத்தில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் வாங்கி, வேர்க்கடலையை வீட்டிலேயே வறுத்து, இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு, மாத்திரை வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.